19 எம்பி ஃபைலும் அப்பாவின் மெயிலும்

"எல்லாம் வாட்ஸ்அப்புலயே போகுது, இன்னுமா மெயில் வச்சிருக்க?" என்று நண்பன் கேட்டான். அவன் கேட்ட நேரம் சரியில்லை. அப்பாவின் பழைய கடிதங்களை ஸ்கேன் செய்து அக்காவுக்கு மெயிலில் அனுப்பி, அது திரும்பி வந்திருந்த நாள் அது.

ஃபைல் 19 எம்பிதான். அக்காவின் அலுவலக மெயிலில் 25 எம்பி வரை வரலாம். பிறகு ஏன் "அளவு அதிகம்"? மெயில் முதலில் வெறும் ஆங்கில எழுத்துகளுக்காக உருவானது. படம், பிற மொழி எல்லாம் போக வழி செய்தது 1992இல் வந்த 'மைம்' முறை. இணைப்பு ஃபைலை அது எழுத்துகளாக மாற்றும்போது மூன்று பைட் நான்காகிவிடும். அப்படித்தான் 19 எம்பி 25ஐத் தாண்டியது. தமிழுக்கும் பெரும்பாலும் இதே கதி. 'அம்மா' என்பது யூனிகோடின் வழக்கமான UTF-8 வடிவில் 15 பைட், மெயில் போகும் வழியில் 20 எழுத்து. சரி, பழைய அமைப்பு, புரிகிறது. ஆனால் இந்தக் கணக்கை அனுப்பும் முன்பே சொல்ல என்ன கேடு? வருடக்கணக்கில் இதே பாடு. ஒவ்வொரு முறையும் ஃபைலைப் பிரித்து, சுருக்கி, மறுபடி அனுப்பி, மாலைப்பொழுதே போய்விடுகிறது.

ஒன்றை மட்டும் மறைக்க மாட்டேன். 2009இல் அப்பா தட்டுத்தடுமாறித் தமிழில் அடித்த மெயில் ஒன்று என்னிடம் இருக்கிறது. "அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது, நீ அலையாதே." 'ஆபரேஷன்' என்று தேடினேன், உடனே வந்து நின்றது, ஓர் எழுத்துகூடக் கெடவில்லை. அதற்குப் பிறகு நான்கு போன் மாற்றிவிட்டேன். இரண்டில் இருந்த சாட் முழுக்கப் போய்விட்டது, அதில் அப்பாவின் கடைசி மாதங்களும் அடக்கம். அப்புறம், என் மெயில் ஒரு நிறுவனம், அக்காவுடையது வேறு. இருந்தும் கடிதம் போகிறது. எதிர்ப்பக்கம் சர்வர் படுத்துவிட்டாலும் மெயில் உடனே கைவிடாது, நான்கைந்து நாள்கூட விடாமல் முயலும்.

இவ்வளவு சொன்னாலும் என் மதிப்பெண் ஐந்துக்கு இரண்டுதான். ஃபைல் அனுப்ப மெயிலை நம்பாதே என்றுதான் நண்பனிடம் சொன்னேன்.

அப்பாவின் கடிதங்களை நான்கு மெயிலாகப் பிரித்து அன்றிரவே அனுப்பினேன். நான்கும் போய்ச் சேர்ந்துவிட்டன.