எச்சரிக்கை: வலிப்பு மருந்து மாற்றும் நேரத்தில் வரும் 'மூலிகைப் பொடி'யும், கடையில் மாற்றிக் கொடுக்கும் சிரப்பும்

குழந்தைக்கு வலிப்பு மருந்தை மாற்றத் தொடங்கும் வாரங்கள்தான் பெற்றோர் அதிகம் ஏமாறும் வாரங்கள். பழைய மருந்தைக் குறைக்கும்போது ஃபிட்ஸ் கூடலாம். புது மருந்து ஏறும்போது பிள்ளை தூங்கி வழியும். புது மருந்து லெவெடிராசிட்டம் என்றால் சில குழந்தைகள் காரணமே இல்லாமல் அடிக்கும், கடிக்கும். வீடே பதறிக் கிடக்கும் இந்த நேரத்தில்தான் "இங்கிலீஷ் மருந்தே வேண்டாம், மூன்று மாதத்தில் வேரோடு போகும்" என்ற வாட்ஸ்அப் செய்தியை யாராவது ஒரு உறவினர் அனுப்பி வைப்பார்.

வியாபாரம் நடக்கும் விதம் எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். பிள்ளையின் வயது, எடை, இப்போது கொடுக்கும் மருந்து எல்லாவற்றையும் போனில் அக்கறையாகக் கேட்பார்கள். பணம் போனதும் கூரியரில் பொட்டலங்கள் வரும். லேபிள் இருக்காது, பேட்ச் நம்பர் இருக்காது, பில்லும் இருக்காது. காலையும் இரவும் தேனில் குழைத்துக் கொடுக்கச் சொல்வார்கள். கொஞ்ச நாளில் ஃபிட்ஸ் நிஜமாகவே குறையும். அதைப் பார்த்துத்தான் பெற்றோர் நம்பிவிடுகிறார்கள்.

ஏன் குறைகிறது? வலிப்புக்கென்று விற்கும் இத்தகைய பொடிகளைச் சோதித்தபோது பினோபார்பிட்டோன் போன்ற ஆங்கில மருந்துகளே கலந்திருந்தது நம் நாட்டில் தெரிந்த விஷயம். பினோபார்பிட்டோன் 1912 முதல் வலிப்புக்குப் பயன்படும், மிக மலிவான மருந்து. முறையாகக் கொடுத்தால் நல்ல மருந்துதான். பொட்டலத்தில் எத்தனை மில்லிகிராம் இருக்கிறது என்பது விற்றவனுக்கே தெரியாது என்பதுதான் சிக்கல்.

பிள்ளை ஏற்கெனவே வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்துச் சிரப்பைக் குடித்துக்கொண்டிருந்தால் இன்னும் மோசம். பினோபார்பிட்டோன் உடலிலிருந்து வெளியேறுவதை வால்ப்ரோயேட் தடுக்கும். ரத்தத்தில் அதன் அளவு ஏறிக்கொண்டே போகும். பிள்ளை தள்ளாடும், சாப்பாட்டுத் தட்டின் முன்பே தூங்கிவிடும். போன் செய்து கேட்டால், "அந்தப் பழைய சிரப்தான் தூங்க வைக்கிறது, நிறுத்துங்கள்" என்பார்கள். சிரப்பை நிறுத்திவிடுவீர்கள். பிறகு ஒரு மாதம் கூரியர் தாமதமாகும், அல்லது விலையை ஏற்றிக் கேட்பார்கள். குழந்தைகளின் உடலில் பினோபார்பிட்டோன் பாதியாகக் குறைய இரண்டு மூன்று நாள் பிடிக்கும். அதனால் பொடி நின்ற அன்றைக்கு ஒன்றும் தெரியாது. சில நாள் கழித்து நிற்காத ஃபிட்ஸோடு ஐ.சி.யு.வில் போய் நிற்க வேண்டி வரும். அங்கே டாக்டரிடம் பொடி கொடுத்ததைச் சொல்லவும் கூச்சம்.

ஏற்கெனவே பொடி கொடுத்துக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு இன்றைக்கே நிறுத்திவிட வேண்டாம். மீதிப் பொட்டலங்களைத் தூக்கிப் போடாமல், அவற்றோடு குழந்தை நரம்பியல் டாக்டரிடம் போங்கள். ரத்தத்தில் பினோபார்பிட்டோன் அளவு பார்க்கக் கேளுங்கள். டாக்டர் எழுதியே தராத மருந்து ரத்தத்தில் இருந்தால் பொடிக்காரனின் குட்டு வெளிப்பட்டுவிடும். எப்படிப் படிப்படியாகக் குறைப்பது என்று அவர் சொல்வார். பொடியில் உலோகத்தைச் சுட்டுச் செய்யும் பஸ்பம் ஏதாவது இருப்பதாகச் சொன்னார்கள் என்றால் ஈயத்தின் அளவையும் பார்ப்பது நல்லது.

பொடிக்காரனைத் திட்டுவது சுலபம். முறையான மருந்துக் கடையிலும் இதே வாரங்களில் தவறு நடக்கிறது.

12 கிலோ குழந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். வால்ப்ரோயேட் சிரப் இங்கே பெரும்பாலும் 5 மில்லிக்கு 200 மில்லிகிராம். ஒரு வேளைக்கு 120 மில்லிகிராம் என்றால் 3 மில்லி. லெவெடிராசிட்டம் சிரப் 1 மில்லிக்கு 100 மில்லிகிராம். அதே 120 மில்லிகிராமுக்கு 1.2 மில்லி போதும். பாட்டி பழைய பழக்கத்தில் புது பாட்டிலிலிருந்தும் 3 மில்லி எடுத்தால் 300 மில்லிகிராம் உள்ளே போகிறது. கார்பமாசெபைன் சிரப் 5 மில்லிக்கு 100, ஆக்ஸ்கார்பசெபைன் 5 மில்லிக்கு 300. "அது ஸ்டாக் இல்லை, இதுவும் அதே குடும்பம்தான்" என்று கடையில் கொடுத்தால், அதே 5 மில்லியில் மூன்று மடங்கு மில்லிகிராம். மில்லியை மட்டும் எழுதிய சீட்டை வாங்கிக்கொண்டு வராதீர்கள். மருந்தின் பெயர், ஒரு மில்லியில் எத்தனை மில்லிகிராம், வேளைக்கு எத்தனை மில்லிகிராம், அதற்கு எத்தனை மில்லி, இவ்வளவும் சீட்டில் இருக்கட்டும். மூடியால் அளக்க வேண்டாம். ஊசியில்லாத வாய்வழி சிரிஞ்ச் வாங்குங்கள். இன்சுலின் சிரிஞ்ச் கூடாது, அதில் உள்ள கோடு மில்லிக் கணக்கல்ல.

ஷெட்யூல் ஹெச் (டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத) மருந்துக்குச் சீட்டில் எழுதியிருப்பதை விட்டுவிட்டு வேறு தயாரிப்பைக் கடைக்காரர் தானாகக் கொடுக்கக் கூடாது. 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. குரோனோ மாத்திரையைச் சாதா மாத்திரைக்குப் பதிலாகக் கொடுத்து "பொடித்துக் கொடுங்கள்" என்பது இன்னொரு வழக்கமான அபத்தம். மெதுவாகக் கரைய வேண்டியது மொத்தமாக இறங்கிவிடும். லாமோட்ரிஜின் என்ற வலிப்பு மருந்தில் விளையாடவே கூடாது. வால்ப்ரோயேட்டோடு சேர்த்துத் தொடங்கும்போது சின்னக் குழந்தைக்கு ஒன்றிரண்டு மில்லிகிராமில்தான் ஆரம்பிப்பார்கள். சின்ன மாத்திரை இல்லை என்று 25 மில்லிகிராம் மாத்திரையை உடைத்துக் கொடுக்கச் சொன்னால் வேறு கடைக்குப் போங்கள். வேகமாக ஏற்றினால் தோல் உரியும் அளவுக்கு ஒவ்வாமை வரலாம். முதல் எட்டு வாரத்தில் தடிப்போடு காய்ச்சல், வாய்ப்புண், கண் சிவப்பு வந்தால் அன்றே மருத்துவமனை.

டாக்டர் தரப்பிலும் குறை உண்டு. நெரிசலான ஓ.பி.யில் பழைய மருந்தின் மேல் ஒரு கோடு, கீழே புது மருந்து, அவ்வளவுதான் சீட்டு. வழக்கமாகப் புதியதை ஏற்றிக்கொண்டே பழையதை வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைப்பார்கள். பினோபார்பிட்டோன், குளோபசாம் இரண்டில் எதைச் சட்டென்று நிறுத்தினாலும் ஃபிட்ஸ் வரலாம். எந்தத் தேதியில் எது எவ்வளவு என்று அட்டவணை எழுதித் தரும்வரை அறையை விட்டு எழுந்து வராதீர்கள். கொடுத்தவுடன் வாந்தி எடுத்தால் திரும்பக் கொடுக்கலாமா என்பதையும் அப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வால்ப்ரோயேட் எடுக்கும் குழந்தை, முக்கியமாக இரண்டு வயதுக்குள், தொடர்ந்து வாந்தி எடுத்துச் சோர்ந்து, ஃபிட்ஸும் கூடினால் கல்லீரலைப் பார்க்க வேண்டும். வெறும் செரிமானக் கோளாறு என்று விட்டுவிடக் கூடாது. பேதிக்கு, காய்ச்சலுக்கு என்று வேறு டாக்டரிடம் போனாலும் வலிப்பு மருந்துச் சீட்டைக் காட்டுங்கள். சர்வசாதாரணமாக எழுதும் ஆஃப்லாக்சாசின் என்ற ஆன்டிபயாடிக் சிரப்பே ஃபிட்ஸைத் தூண்டக்கூடியது.

ஐந்து நிமிடத்துக்கு மேல் ஃபிட்ஸ் நீண்டால் அடிக்கும் மிடாசோலம் மூக்கு ஸ்ப்ரேயிலும் ஒரு கண்ணி உண்டு. ஒரு அடிக்கு 0.5 மில்லிகிராம், 1.25 மில்லிகிராம் என இரண்டு வகை விற்கிறது. "ஐந்து அடி" என்று மட்டும் மனதில் வைத்திருந்து கடையில் மற்ற வகையைக் கொடுத்துவிட்டால் 2.5-க்குப் பதில் 6.25 மில்லிகிராம் போகும், மூச்சு அடங்கலாம். வாங்கும்போதே டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். ஸ்ப்ரே அடித்துவிட்டு, பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள். வாயில் ஸ்பூனோ தண்ணீரோ வேண்டாம்.

ஏமாந்தவர்கள் பேசாமல் இருக்க வேண்டியதில்லை. வலிப்பைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதே 1954-ஆம் ஆண்டு மருந்து மற்றும் மாயத் தீர்வுகள் சட்டப்படி குற்றம். பொட்டலம், கூரியர் ரசீது, பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் வைத்து மாவட்ட மருந்து ஆய்வாளரிடம் எழுத்தில் புகார் கொடுக்கலாம். மருந்தால் பக்கவிளைவு வந்திருந்தால் அதைத் தெரிவிக்கும் இலவச உதவி எண் 1800-180-3024; பணம் போனது, கடையில் மாற்றிக் கொடுத்தது போன்றவற்றுக்கு நுகர்வோர் உதவி எண் 1915. கடைக்காரரின் தவறு என்றால் பேட்ச் நம்பர் உள்ள பில் கட்டாயம் வேண்டும். அதனால் எவ்வளவு அவசரமானாலும் பில் இல்லாமல் வலிப்பு மருந்தை வாங்காதீர்கள்.