சைனஸ் சத்திரசிகிச்சைக்குப் பின் மூக்கு கழுவுதல்: எந்தக் கருவி, எந்தத் தண்ணீர்?

சைனஸ் சத்திரசிகிச்சை முடிந்து வீடு திரும்புபவருக்கு வைத்தியர் சொல்லி அனுப்பும் பராமரிப்பில், உப்புநீரால் மூக்கைக் கழுவுவது முழுக்க வீட்டாரின் கையில் இருக்கும் வேலை. ஸ்பிரே, சிரிஞ்சு, நேத்திக் கெண்டி (மூக்கில் நீர் ஊற்றுவதற்கான நீண்ட மூக்குள்ள கெண்டி), பிழிந்து பாய்ச்சும் போத்தல் ஆகிய நான்கில் எதை வாங்குவது என்று எல்லோரும் விசாரிக்கிறார்கள். அதற்குள் ஊற்றும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் ஒருவரும் கேட்பதில்லை. திருகோணமலையில் இருப்பவர்களுக்கு அதுவே பெரிய கேள்வி.

முதலில் கருவி. சத்திரசிகிச்சைக்குப் பின் மூக்கினுள் உறைந்த இரத்தமும் சளியும் காய்ந்து பொருக்காகப் படிகின்றன. அவை அகலாமல் கிடந்தால் எதிரெதிர்ப் பரப்புகள் தழும்பால் ஒட்டிக்கொள்ளவும், வைத்தியர் திறந்துவிட்ட வாயில்கள் மீண்டும் குறுகவும் இடமுண்டு. ஸ்பிரே தரும் சிறு தூறல் மூக்கின் முன்பகுதியை நனைப்பதோடு நின்றுவிடும். சுமார் 240 மில்லிலீற்றர் கொள்ளும் போத்தலோ, ஒரு துவாரத்தில் புகுந்த நீரை மூக்கின் பின்புறமாகச் சுற்றி மறு துவாரத்தால் வெளியேற்றி, போகிற வழியில் பொருக்கை ஊறவைத்துப் பெயர்த்துக்கொண்டு போகிறது. கெண்டியிலும் ஏறக்குறைய அதே அளவு நீர்தான், ஆனால் அது தானாக வழிவதால், வீக்கம் வடியாத முதல் நாட்களில் பாதியில் நின்றுவிடக்கூடும். 20 மில்லிலீற்றர் சிரிஞ்சு மலிவு. ஆயினும் திரும்பத் திரும்ப நிரப்ப வேண்டும், அழுத்தமும் ஒரு சீராக இராது.

என் தெரிவு போத்தல். அழுத்தினால் காது அடைக்கிறது என்பவர்களுக்குக் கெண்டி நல்லது. வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் காற்று வீசி மூக்கை வறட்டும் நாட்களில், இரு கழுவல்களுக்கு இடையே ஸ்பிரே நல்ல துணை. அது கழுவலுக்கு மாற்றாகாது. எப்போது தொடங்குவது, நாளொன்றுக்கு எத்தனை முறை என்பவற்றில் சத்திரசிகிச்சை செய்த வைத்தியரின் சொல்லே முடிவு. சிலர் மறுநாளே தொடங்கச் சொல்வார்கள், சிலர் மூக்கில் வைத்த பஞ்சை எடுக்கும்வரை பொறுக்கச் சொல்வார்கள்.

என் அண்ணரைப் பராமரித்தபோது, முதல் வாரத்தில் பேசினில் விழுந்த நீர் தேயிலைச் சாயம் போலிருந்தது, நடுவே கறுத்த நூலாய்ச் சளி. அது வர வேண்டியதுதான். கழுவி வெகுநேரம் கழித்துச் செருப்பு மாட்டக் குனிந்தபோது மூக்கிலிருந்து நீர் சட்டென்று கொட்டியதும் உள்ளே தங்கிய மிச்சமே. அதை வெளியேற்ற மூக்கை உரத்துச் சிந்தக் கூடாது. தலையைத் தாழ்த்தி வடியவிட்டால் போதும்.

இனித் தண்ணீர். கந்தளாய்க் குளத்திலிருந்து சுத்திகரித்து வரும் குழாய்நீர் குடிக்க ஏற்றது, அப்படியே மூக்கில் விட ஏற்றதல்ல. வயிற்று அமிலம் கொன்றுவிடும் கிருமிகளைத் தடுக்க மூக்கில் அப்படி ஒன்றும் இல்லை. 2011இல் அமெரிக்காவின் லூசியானாவில், கொதிக்க வைக்காத குழாய்நீரால் மூக்கு கழுவிய இருவர் நெக்லீரியா எனும் அமீபா மூளையைத் தாக்கி இறந்தார்கள். வெதுவெதுப்பான நன்னீரை விரும்பும் உயிரி அது. ஆகவே கன்னியா வெந்நீரூற்றின் நீரை, அதன் மீது எவ்வளவு நம்பிக்கை இருந்தாலும், மூக்கில் ஏற்றவே கூடாது. கடல்நீர் உடலின் உப்பைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு கரிக்கும், கிருமிநீக்கமும் செய்யப்படாதது. கடைப் போத்தல் நீரையும் கொதிக்க வைத்தே பயன்படுத்த வேண்டும்.

எஞ்சுவது கொதித்தாறிய நீர். நன்கு கொப்புளித்துக் குறைந்தது ஒரு நிமிடமாவது கொதிக்க வேண்டும். மின்கேத்தல் கொதி வந்தவுடனேயே நின்றுவிடும் என்பதால் அடுப்பில் சட்டி வைப்பதே நிச்சயம். மூடி ஆறவைத்து, உடற்சூட்டளவில், அன்றைக்குள் பயன்படுத்தலாம். உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து கடலோரக் கிணறு உவர்ப்பாக இருந்தால் கொதித்தலால் அந்த உப்பு போகாது, நீர் வற்றுவதால் இன்னும் செறியும். மூக்கு கழுவவென்று அளந்து பொதியாக விற்கும் உப்பையும் அதில் கலந்தால் மூக்கு எரியும். அத்தகைய வீட்டார் குழாய்நீரையே கொதிக்க வைப்பது நல்லது.

உப்பின் அளவில், லீற்றருக்கு 9 கிராம் கொண்ட 0.9 சதவீதக் கரைசலே ஆறும் புண்ணுக்கு இதம். செறிவு கூடிய கரைசல் வீக்கத்தை இழுக்கும் என்பார்கள், ஆனால் எரிச்சலால் கழுவுவதையே கைவிடச் செய்யும் மருந்தால் பயனில்லை. பொதிகள் கிடைக்காவிட்டால், அயடின் சேர்க்காத தூள் உப்பு மூன்று பங்குக்கு அப்பச்சோடா ஒரு பங்கு கலந்து, அதில் அரைத் தேக்கரண்டியை 240 மில்லிலீற்றர் நீரில் கரைக்கலாம். எரிந்தால் கலவையைக் குறைக்கலாம். ஒவ்வொரு முறையும் போத்தலைக் கழுவிக் கவிழ்த்து உலரவிட வேண்டும்.

சிவந்த இரத்தம் நிற்காமல் வடிந்தாலோ, குனியும்போது ஒரு பக்கத்தால் மட்டும் தெளிந்த நீர் தொடர்ந்து சொட்டினாலோ, கண் பார்வை மாறினாலோ, காய்ச்சலோடு கடும் தலைவலியும் கழுத்து விறைப்பும் வந்தாலோ, கழுவுவதை நிறுத்தி, இரவானாலும் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.