குளோஸ்டர்நொய்பூர்க்கின் எனாமல் பலிபீடம்: மேலிருந்து கீழாகப் படிக்க வேண்டிய வேதாகமம்

வியன்னாவில் இரண்டு மூன்று நாள்கள் தங்குபவர்கள் அரை நாளை ஒதுக்கி, புறநகர் ரயிலில் குளோஸ்டர்நொய்பூர்க் சென்று, அங்குள்ள அகுஸ்தீன் சபை மடாலயத்தை வழிகாட்டியுடன் சுற்றிப் பார்க்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன். 1114இல் ஆஸ்திரிய ஆட்சியாளர் மூன்றாம் லெயோபோல்டு நிறுவிய இந்த மடாலயத்தில் பார்க்க எவ்வளவோ உண்டு. நான் போனது வெர்தூன் நிக்கோலாஸ் என்னும் பொற்கொல்லர் 1181இல் செய்து முடித்த எனாமல் தகடுகளுக்காக.

பின்னர் சேர்க்கப்பட்டவற்றோடு, பொன் பூசிய 51 செம்புத் தகடுகள் இன்று மூன்று வரிசைகளில் அமைந்துள்ளன. மேல் வரிசையில் மோசேயின் சட்டத்துக்கு முந்திய காலம், கீழ் வரிசையில் சட்டம் வந்த பிறகான காலம், நடுவில் கிறிஸ்துவின் வாழ்க்கை. முதலில் நான் இடமிருந்து வலமாகவே பார்த்துக்கொண்டு போனேன். வழிகாட்டி எங்களை நிறுத்தி, ஒவ்வொரு பத்தியையும் மேலிருந்து கீழாகப் பார்க்கச் சொன்னார். அதன் பிறகுதான் தகடுகள் ஒன்றோடொன்று பேசத் தொடங்கின. சிலுவைப்பாட்டுக்கு மேலே ஈசாக்கைப் பலியிடத் துணிந்த ஆபிரகாம். கீழே வாக்களிக்கப்பட்ட நாட்டிலிருந்து திராட்சைக் குலையைத் தடியில் கட்டி இருவர் தோளில் சுமந்து வரும் காட்சி. மரத்தில் தொங்கும் குலையையும் மரத்தில் தொங்கும் உடலையும் ஒரே பார்வையில் காண நேரும்போது, எண்ணாகமத்தில் பலமுறை வாசித்த அந்த வசனம் எனக்கு வேறாகிவிட்டது. கிறிஸ்துவை அடக்கம் செய்யும் காட்சியின் மேலே குழியில் இறக்கப்படும் யோசேப்பு, கீழே மீனின் வாய்க்குள் போகும் யோனா.

செம்பைச் செதுக்கிக் குழியாக்கி, அதில் கண்ணாடித் தூளை நிரப்பிச் சூளையில் உருக்கி, ஆறியபின் தேய்த்து மட்டமாக்குவது இந்த வேலையின் முறை. இங்கே பின்புலம் முழுவதும் ஆழ்ந்த நீலம். மனிதர்கள் பொன்னாகவே விடப்பட்டு, அவர்களின் முகமும் உடை மடிப்பும் வண்ணம் நிரம்பிய மெல்லிய கோடுகளால் மட்டுமே உருப்பெறுகின்றன. ஒரு கோட்டின் வளைவிலேயே முழங்கால் துணிக்குள் முன்தள்ளி நிற்பது தெரிகிறது. அந்தக் கைக்கு ஈடான ஒன்றை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இத்தகடுகள் முதலில் பிரசங்க மேடையை மூடியிருந்தவை. 1330இன் தீ விபத்துக்குப் பின் 1331இல் இவற்றைச் இருபுறமும் மடக்கக்கூடிய சிறகுப் பலகைகள் கொண்ட பலிபீடமாக மாற்றியபோது, புதிதாக ஆறு தகடுகள் சேர்க்கப்பட்டன. சிலுவைப்பாட்டின் இருபுறமும் உள்ள இரண்டு பத்திகளும் அவையே. யூதாஸ் முத்தமிடுவதும், உடலைச் சிலுவையிலிருந்து இறக்குவதும் அவற்றில் உண்டு. பழைய பாணியை மிகுந்த மரியாதையோடு பின்பற்றியிருக்கிறார்கள். ஆனாலும் என் கண்ணுக்கு அவற்றின் உருவங்களில் பழையவற்றின் விசை இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சுற்றுலா நிறுவனத்தின் பேருந்தில் இங்கு வந்தபோது, பலிபீடம் இருக்கும் சிற்றாலயத்தில் எங்களுக்குப் பத்து நிமிடம்தான் கொடுத்தார்கள். பொன்னும் நீலமும் மின்னியது தவிர ஒன்றும் மனத்தில் நிற்கவில்லை. ஆகவே தனியாக வருவதே நல்லது. வருமுன் ஆதியாகமத்தையும் நியாயாதிபதிகள் நூலில் சிம்சோன் கதையையும் ஒருமுறை வாசித்துவிடுங்கள். சிறிய தொலைநோக்கி ஒன்று கையில் இருந்தால், தகடுகளைச் சுற்றி ஓடும் லத்தீன் எழுத்துகளையும் சேபா நாட்டு அரசியின் கருநிற முகத்தையும் நின்ற இடத்திலிருந்தே நிதானமாகப் பார்க்கலாம்.