மாலை நேர மதுரை நடை: கைடுக்கு நல்ல மார்க், கைவினைக் கடைக்கு முட்டை

என் மகனோடு வேலை பார்க்கும் பின்லாந்துப் பெண் ஒருத்தி போன மாதம் நாலு நாள் எங்கள் வீட்டில் தங்கினாள். நான் ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். என் ஆங்கிலம் தேற்றம் நிரூபிக்கப் போதும், ஊர் சுற்றிக் காட்டப் போதாது. சரி, காசு கொடுத்தே காட்டுவோம் என்று ஒரு மாலை நடைச் சுற்றுலாவில் இரண்டு பேருக்குப் பதிவு செய்தேன். தலைக்கு 1,800 ரூபாய், இரண்டரை மணி நேரம்.

கைடு கல்லூரியில் படிக்கிற பையன். விஷயம் தெரிந்தவன். கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று வீதிகள் அடுக்கடுக்காக விரிவதைத் தரையில் சாக்பீஸால் வரைந்தே காட்டினான். 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டையை இடித்து ஊரை விரித்தபோது கூட வேலை பார்த்தவர்கள் பெயரில்தான் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் இருக்கின்றனவாம். நாற்பது வருஷமாக அந்த வழியில் போய்வருகிறேன், எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

சித்திரை வீதியில் வண்டி விடுவதில்லை என்பதால் முதல் அரை மணி சுகமாகப் போனது. மாசி வீதிக்கு வந்ததும் ஹாரன் சத்தத்தில் காதில் மாட்டிவிட்ட கருவி கரகரவென்றுதான் கேட்டது. அதைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டோம்.

அப்புறம்தான் அவள் தன் பாட்டுக்குப் பார்க்க ஆரம்பித்தாள். பூக்கார அக்கா முழங்கையிலிருந்து விரல் நுனி வரை மல்லியை அளப்பதைப் பார்த்துவிட்டு, செல்போனில் இருக்கும் அளவு பார்க்கும் வசதியை எடுத்து அவர் கையை அளந்தாள். 41 சென்டிமீட்டர். பக்கத்துக் கடைக்கார அம்மாவுக்கு 45. “ஒரே விலைக்கு எப்படி?” என்று என்னைக் கேட்டாள். கணக்கு டீச்சரிடம் பதில் இல்லை. நான் விஷயத்தைச் சொன்னதும் அக்கா சிரித்துவிட்டு, “என் கை சின்னக் கைதான் தாயி, இந்தா” என்று நாலு விரற்கடை சேர்த்துக் கிள்ளிக் கொடுத்தார்.

அடுத்தது புரோட்டாக் கடை வாசல். எல்லோரும் கல்லில் கொத்துவதைப் படம் எடுக்க, இவள் பார்சல் கட்டுகிறவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். மேலே ஆணியில் தொங்குகிற நூல்கண்டு. பையில் ஒரு கரண்டி சால்னா, காற்றோடு சேர்த்துக் கழுத்தில் ஒரு முறுக்கு, நூலில் இரண்டு சுற்று, ஒரு வெட்டு இழுப்பு. மூன்று விநாடி ஆகியிருக்காது. (2019-லேயே தடை வந்த பிளாஸ்டிக் பைதான். சால்னாவுக்கு அது இன்னும் தெரியாது.) தானும் கட்டிப் பார்க்கலாமா என்று சைகையில் கேட்டாள். அவரும் ஒரு பையை நீட்டினார். அவளுடைய ஊரில் பஸ் நிறுத்தத்தில்கூட ஆளுக்கு ஆள் இரண்டு மீட்டர் தள்ளித்தான் நிற்பார்களாம். இங்கே பார்சலுக்கு நின்ற ஆறேழு பேரும் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, “முறுக்கும்மா, இன்னும் முறுக்கு” என்று பாடம் எடுத்தார்கள். சால்னா பாதி ஷூவில்தான் போனது. இரண்டாவது பை நின்றது. ஒருவர் கைகூடத் தட்டினார்.

பையன் அதற்குள் மூன்று தடவை கடிகாரத்தைப் பார்த்துவிட்டான். காரணம் பிறகுதான் புரிந்தது. ஏசி போட்ட ஒரு கைவினைப் பொருள் கடைக்குள் கூட்டிப்போய் முப்பது நிமிஷம் உட்கார வைத்தார்கள். பூவுக்கும் புரோட்டாவுக்கும் இல்லாத நேரம் கம்பளம் விரித்துக் காட்ட இருந்தது. கமிஷன் என்று யாரும் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டியதில்லை. பையன் மேல் எனக்குக் கோபமில்லை, அவன் முகமே சுண்டிப்போயிருந்தது. கடைசியில் ஜிகர்தண்டாவை நின்றபடியே அவசரமாகக் குடித்துவிட்டு ஆட்டோ பிடித்தோம்.

ஐந்துக்கு மூன்று கொடுக்கிறேன். பதிவு செய்கிறவர்கள் “கடை வேண்டாம்” என்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு போகாதீர்கள். எங்கள் வீட்டில் இரண்டு நாள் ஊறவைத்தும் அந்தச் சால்னாக் கறை போகவில்லை.