பாயா, வாக்கரா, நடைவண்டியா?

என் மகளுக்கு மூன்று மாதம் முடிவதற்குள் வீட்டில் ஒரு கடையே சேர்ந்துவிட்டது. தோழி வாங்கி வந்த வாக்கர், அலுவலகத்தில் கொடுத்த பவுன்சர் என்ற சாய்வு இருக்கை, ஊரிலிருந்து பெரியம்மா அனுப்பிய மர நடைவண்டி. "தெனம் எண்ணெ போட்டு உருவி விட்டா போதும்மா, புள்ள தானா நடக்கும்" என்பது மாமியாரின் தீர்ப்பு. மருத்துவர் சொன்னது ஒரே வரி: "முழிச்சிருக்கும்போது குப்புறப் போடுங்க." இதில் எதற்கு நேரத்தைச் செலவிடுவது என்று அலசியதில் எனக்குத் தெளிந்தது இது.

முதலில், மருத்துவர் சொன்னபடி குப்புறப் போடும் பாய். குப்புறப் போடுவதைத் தனிப் பயிற்சியாகச் சொல்லவேண்டி வந்ததற்கே ஒரு கதை உண்டு. தூக்கத்திலேயே நேரும் திடீர்ச் சிசு மரணங்களைத் தடுக்க, குழந்தையை மல்லாக்கத்தான் தூங்கவைக்க வேண்டும் என்று பிரிட்டனில் 1991-லும் அமெரிக்காவில் 1994-லும் பெரிய பிரசாரம் நடந்தது. அமெரிக்காவில் அந்த மரணங்கள் பாதிக்கும் கீழே குறைந்தன. கூடவே ஒரு பக்கவிளைவு: பகலிலும் மல்லாந்தே கிடக்கும் பிள்ளைகளுக்குப் பின்மண்டை தட்டையாவது கூடியது. அதனால்தான் தூங்கும்போது மல்லாக்க, விழித்திருக்கும்போது குப்புற என்ற இரட்டை விதி. தானாக நகரத் தொடங்காத குழந்தைக்கு ஒரு நாளில் மொத்தம் 30 நிமிடமாவது இது வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டி.

ஒரேயடியாக 30 நிமிடம் இல்லை. என் மகள் முதல் வாரத்தில் ஒரு நிமிடம்கூடத் தாங்காமல் வீலென்று கத்தினாள். "மூக்கு நசுங்கிடும், திருப்பிப் போடும்மா" என்று உள்ளிருந்து குரல் வரும். பாயில் போடாமல், நான் சாய்ந்து உட்கார்ந்து என் மார்பின்மேல் போட்டுக்கொண்டபோது என் முகத்தைப் பார்க்கத் தலை தூக்கினாள். இரண்டு, மூன்று நிமிடம், நாளைக்கு மூன்று நான்கு முறை. பிறகு ஒரு துண்டைச் சுருட்டி மார்புக்கு அடியில் வைத்து, கைகளை முன்னால் எடுத்துவிட்டேன். கடைசியில் அவளை வென்றது எதிரே நிறுத்திய எவர்சில்வர் தட்டு. பால் குடித்த கையோடு போட்டால் கக்கிவிடும். மெத்தையும் வேண்டாம், கை அமிழ்ந்துபோகும், ஊன்றித் தள்ள முடியாது. தரையில் விரித்த கோரைப்பாயோ ஜமக்காளமோ போதும். பக்கத்தை விட்டு எழுந்துபோகக் கூடாது.

பிள்ளைத்தமிழ்ப் புலவர்களுக்கு இது தெரிந்திருக்கிறது. ஐந்தாம் மாதத்துக்கு அவர்கள் வைத்த செங்கீரைப் பருவம் என்ன? ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரு கைகளையும் தரையில் ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடுவது. கழுத்து, தோள், முதுகு, இடுப்பு நான்கும் ஒருசேர உழைக்கும் நிலை அது. உட்காருவதும் தவழ்வதும் இந்த உழைப்பிலிருந்துதான் வருகின்றன.

எண்ணெய் உருவலுக்கு வருவோம். மாமியார் கால் நீட்டி உட்கார்ந்து, பிள்ளையை முழங்காலுக்குக் கீழே கிடத்தி, தேங்காய் எண்ணெயைச் சூடுபறக்கத் தேய்ப்பது பார்க்கவே அழகு. பிள்ளைக்கும் சுகம், அன்றைக்கு நல்ல தூக்கம். ஆனால் அங்கே வேலை செய்வது பாட்டியின் கை. பிள்ளையின் தசை இல்லை. வலது கையையும் இடது காலையும் மெல்லச் சேர்த்துப் பிரிப்பதில் கெடுதல் ஒன்றுமில்லை. அதைப் பாய்க்கு மாற்று என்று மட்டும் எண்ணக் கூடாது. காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவது, மூக்கில் எண்ணெய் விடுவது, காதில் ஊதுவது மூன்றுக்கும் எங்கள் வீட்டில் தடை. மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குப் போனால் நிமோனியா வரும். இதைச் சொல்லி நான்கு நாள் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தது தனிக்கதை.

பவுன்சர் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நான் குளித்துவிட்டு வரும் பத்து நிமிடத்துக்கு உதவியது. முட்டுக் கொடுத்து உட்காரவைக்கும் சீட்டும் அதே ரகம்தான்: சாய்த்து வைத்திருக்கும், உட்காரக் கற்றுத்தராது.

உண்மையான போட்டி வாக்கருக்கும் நடைவண்டிக்கும்தான். இரண்டுக்கும் சக்கரம் உண்டு, இரண்டும் "நடை பழக" என்றுதான் வருகின்றன. ஆனால் வாக்கரில் பிள்ளை தொங்குகிறது. உடம்பின் பாரம் துணி இருக்கையில். கால் நுனிவிரலால் தரையை உந்துகிறது. வாக்கரின் முன்தட்டு மறைப்பதால் தன் பாதத்தையே அது பார்ப்பதில்லை. விழாது, ஆகவே விழாமல் நிற்கவும் கற்காது. வாக்கரில் வளர்ந்த பிள்ளைகள் உட்காருவதும் தவழ்வதும் நடப்பதும் சற்றுத் தாமதமானதாக 1999-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. அபாயம் வேறு: ஒரு நொடியில் மூன்றடிக்கு மேல் பாயும். மாடிப்படியோ அடுப்படியில் இறக்கி வைத்த கஞ்சியோ பக்கத்தில் இருந்தால், நாம் எழுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். கனடா 2004-இல் இதை அடியோடு தடை செய்தது. பழையதை விற்பதும் அங்கே குற்றம்.

நடைவண்டியில் பிள்ளை முதலில் தானே பிடித்து எழ வேண்டும், தன் காலில் நிற்க வேண்டும், பின்னால் நின்று தள்ள வேண்டும். தள்ளாவிட்டால் வண்டி நகராது. எழுந்து நிற்கத் தொடங்கிய பிறகே அதற்கு வேலை. ஆறு மாதத்தில் நிறுத்திவைத்துப் பயனில்லை. மொழுமொழுவென்ற டைல்ஸ் தரையில் அது வழுக்கி ஓடும் என்பதால் கீழ்ச்சட்டத்தில் ஒரு செங்கல்லைக் கட்டிவைத்தோம். சாக்ஸ் போடாமல், வெறுங்காலில்.

என் வரிசை, ஆக: பாய் முதலில், நடைவண்டி அதன் காலம் வந்ததும், எண்ணெய் சுகத்துக்கு, பவுன்சர் அவசரத்துக்கு. வாக்கரை யாருக்கும் தானம் கொடுக்க மனம் வரவில்லை. சக்கரத்தைக் கழற்றிப் பழைய சாமான்காரரிடம் போட்டேன்.

பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுக் கவலைப்படுபவர்களுக்கு ஒரு கணக்கு. இந்தியா உட்பட ஐந்து நாட்டுக் குழந்தைகளைக் கவனித்து உலகச் சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்டதன்படி, துணையின்றி உட்காருவது 3.8 முதல் 9.2 மாதத்துக்குள், தனியே நடப்பது 8.2 முதல் 17.6 மாதத்துக்குள். முட்டிபோட்டுத் தவழாமலே நடந்துவிட்ட பிள்ளைகள் 4.3 சதவீதம். குறைப்பிரசவக் குழந்தைக்குப் பிறந்த நாளிலிருந்து எண்ணாமல், பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ண வேண்டும்.

நான்கு மாதம் ஆகியும் கழுத்து நிற்கவில்லை, உடம்பு விறைப்பாகவோ துணிபோலத் துவண்டோ இருக்கிறது, ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் நீட்டுகிறது, நேற்றுவரை செய்ததை இன்று செய்யவில்லை என்றால் பாயும் வண்டியும் இரண்டாம்பட்சம். உடனே குழந்தைநல மருத்துவரிடம் போங்கள். 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் மாவட்ட அளவில் ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. பிசியோதெரபியும் அங்கேயே உண்டு. அரசு மருத்துவமனையில் அந்த மையத்தின் ஆங்கிலச் சுருக்கமான டி.இ.ஐ.சி. என்று கேட்டால் வழி காட்டுவார்கள்.