லாரி டயரும் அடுப்புச் சாம்பலும்: கோழிகளோடு நாலு வருஷம்

2021 ஊரடங்கில் ஆறு சிறுவிடை நாட்டுக்கோழிப் பெட்டையும் ஒரு சேவலும் வாங்கி விட்டபோது, கோழியைச் சுத்தமாக வைத்திருப்பது என்றால் குளிப்பாட்டுவது என்றுதான் நினைத்திருந்தேன். முதல் மாதமே ஒரு வெள்ளைப் பெட்டையைப் பிடித்து வாளியில் முக்கி, பிள்ளைகளின் ஷாம்பூ போட்டுக் கழுவினேன். திண்ணையில் இருந்த அப்பத்தா, "ஏன்டா, அதுக்கு இன்னைக்குப் பொண்ணு பாக்க வர்றாகளா?" என்று கேட்டது. விட்ட மறுநிமிஷம் அந்தக் கோழி நேராகக் குப்பைமேட்டுக்குப் போய், ஈரத்தோடு புழுதியில் புரண்டு எழுந்து வந்தது.

கோழிக்குக் குளியல் என்றால் புழுதிதான் என்று புரிந்தது. அதற்கப்புறம்தான், அது புரள்வதற்கு ஒரு டயர். பஞ்சர் கடையில் சும்மா கிடந்த பழைய லாரி டயரை உருட்டி வந்து, சலித்த செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, விறகடுப்புச் சாம்பல் ஒரு பங்கு போட்டு நிரப்பினேன். குப்பை எரித்த சாம்பல் வேண்டாம், அதில் பிளாஸ்டிக் இருக்கும்.

முதல் நாள் பார்த்தபோது பதறிவிட்டேன். கோழி ஒருபக்கமாகச் சரிந்து, கண்ணைப் பாதி மூடி, ஒரு காலை நீட்டிக்கொண்டு செத்ததுபோலக் கிடந்தது. கிட்டப் போனால் காலால் மண்ணை வாரி இறகுக்குள் தள்ளிக்கொண்டிருக்கிறது! அரைமணி நேரம் கழித்து எழுந்து ஒரே உதறல். பிறகு வாலடியில் இருக்கும் எண்ணெய்ச் சுரப்பியை அலகால் தொட்டுத் தொட்டு, ஒவ்வொரு இறகாகக் கோதியது. நான் ஷாம்பூ போட்டுக் கழுவி எடுத்தது இந்த எண்ணெயைத்தான்.

குறை இல்லாமல் இல்லை. ஐப்பசி மழையில் சாம்பல் நனைந்து கூழாகிவிடும். ஈரச் சாம்பல் காரம், தோலை அரிக்கும். முதல் வருஷம் அப்படியே விட்டதில் இரண்டு கோழிகளுக்கு அடிவயிறு சிவந்துவிட்டது. மேலே தகரம் போட்டேன். அடுத்த தொல்லை பூனை. அதற்கு அந்த டயர் கக்கூஸ். ராத்திரியில் சாக்கு போட்டு மூடுகிறேன்.

இரண்டாம் வருஷம் கொண்டையெல்லாம் வெளுத்து, முட்டை குறைந்தது. பகலில் இறகை விலக்கிப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. ராத்திரி டார்ச் அடித்தேன். கூண்டின் மூங்கில் இடுக்குகளில் ரத்தம் குடித்துச் சிவந்த செள்ளு, கடுகு சிந்தினதுபோல. இறகிலேயே குடியிருக்கும் பேன் இல்லை இது. இது பகலில் கூண்டில் ஒளிந்துகொண்டு இருட்டில் கோழி மேல் ஏறும் ஜாதி. சாம்பல் குளியலால் மட்டும் இதை ஒழிக்க முடியாது. ஒரு கடையில் கொடுத்த பவுடரில், எத்தனை நாள் முட்டை சாப்பிடக்கூடாது என்றுகூடப் போடவில்லை. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, கூண்டை வெளியே இழுத்து, கொதிக்கிற வெந்நீர் ஊற்றி, வெயிலில் காய வைத்து, இடுக்குகளில் வேப்பெண்ணெய் பூசினேன். ஒரு வாரத்தில் மறுபடியும் அதே வேலை, முட்டையிலிருந்து புதுசு பொரித்திருக்கும். மூங்கிலைக் கழற்றிவிட்டு இடுக்கில்லாத மரச்சட்டம் போட்டபிறகுதான் அடங்கியது.

அடைக்கோழியைத் தனியாகக் கவனிக்க வேண்டும். 21 நாளும் சரியாகக் குளிக்காமல் உட்கார்ந்திருப்பதால் பேன் பெருகிவிடும். தினமும் ஒருதடவை தூக்கி டயரில் விடுகிறேன். அடைச்சட்டியின் மணலில் வேப்பிலையும் போடுவதுண்டு. இடி இடித்தால் முட்டைக்கு ஆகாது என்று அப்பத்தா கரித்துண்டும் மிளகாய் வத்தலும் வைக்கும். நான் வாதாடுவதில்லை.

சேவலுக்குக் காலில் செதில் தூக்கிக்கொண்டு மாவு அப்பினதுபோல ஆனது. செதிலுக்கடியில் புகும் பூச்சி அது. பிய்க்கக்கூடாது. வெந்நீரில் பிரஷ்ஷால் மெல்லத் தேய்த்து, துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவினேன். வாரம் இரண்டு முறை என்று தொடர்ந்ததில் பழைய செதில் தானாக உதிர இரண்டு மாதத்துக்கு மேலானது.

மொட்டைமாடியில் ரெண்டு கோழி வைத்திருப்பவருக்கு டயர்கூட வேண்டாம், ஓட்டை அன்னக்கூடை போதும். என் தகரம்தான் துருப்பிடித்துவிட்டது, ஐப்பசிக்குள் மாற்ற வேண்டும்.