முத்திரையைத் துடைத்துவிடும் ஸ்கேன் செயலி

"அக்கா, போட்டோவை பிடிஎஃப் ஆக்க எந்தச் செயலி நல்லது?" என்று தங்கை நேற்று கேட்டாள். மகனின் கல்லூரி விண்ணப்பத்துக்குச் சான்றிதழ்களை ஏற்ற வேண்டுமாம். பல வருடங்களாக நான் வைத்திருக்கும் செயலியின் பெயர் நாக்கு நுனி வரை வந்தது. உடனே சொல்ல மனம் வரவில்லை.

2020 ஜூனில் மத்திய அரசு 59 செயலிகளைத் தடை செய்தபோது கேம்ஸ்கேனர் என்ற ஸ்கேன் செயலியும் போனது. அதற்கு மாற்றாகத்தான் இதை இறக்கினேன். தாளின் ஓரத்தைக் கண்டுபிடிப்பதில் இதைக் குறை சொல்லவே முடியாது. பூப்போட்ட மேசை விரிப்பின் மேல் வைத்தாலும் நான்கு மூலைகளையும் பிடித்துக்கொள்ளும். கோணலாக எடுத்ததை நிமிர்த்திவிடும். பதினைந்து பக்கங்களை ஒரே கோப்பாகக் கோத்துத் தரும். விளம்பரத் தொல்லையும் இல்லை.

என் கோபமெல்லாம் அதன் கறுப்பு வெள்ளை முறை மேல்தான். வெளிறிய நிறம் எதைக் கண்டாலும் நிழல் என்று எடுத்துக்கொண்டு துடைத்துவிடுகிறது. சென்ற ஆண்டு மகளின் உதவித்தொகைக்காக மாற்றுச் சான்றிதழை ஏற்றினேன். தலைமையாசிரியரின் பச்சை மைக் கையெழுத்து, அதன் மேல் பாதி படிந்த ஊதா நிற வட்ட முத்திரை. மை காய்ந்துபோன நேரத்தில் குத்தியிருப்பார்கள் போல, முத்திரை மங்கலாகவே இருந்தது. செயலி வேலையை முடித்தபோது கையெழுத்தின் அடிக்கோடும் முத்திரை இருந்த இடத்தில் நாலைந்து புள்ளிகளும்தான் மிச்சம். கைபேசித் திரையில் அது என் கண்ணில் படவில்லை. முத்திரை இல்லை என்று விண்ணப்பம் திரும்பி வந்தபோது கடைசித் தேதிக்கு இரண்டே நாள் இருந்தது.

வண்ணத்தில் எடுத்தால் முத்திரை தப்பும். ஆனால் கோப்பு 2 எம்பியைத் தாண்டுகிறது. தளம் ஏற்பதோ 200 கேபி. அளவைக் குறைக்க இந்தச் செயலியில் வழியே கிடையாது. எத்தனை புதுப்பிப்புகள் வந்தன! பொத்தான்கள் இடம் மாறின, நிறம் மாறின, இந்த ஒரு வசதி மட்டும் வரவில்லை.

அன்று இரவு கணினியில் உட்கார்ந்தேன். வண்ணப் படத்தைச் சாம்பல் நிறமாக்கி, 1240க்கு 1754 பிக்சலாகச் சுருக்கினேன். ஏ4 தாளுக்கு இது அங்குலத்துக்கு 150 புள்ளிகள். அச்செழுத்தைப் படிக்கத் தாராளமாகப் போதும். பிறகு ஐஎம்ஜி2பிடிஎஃப் என்ற இலவசக் கருவி. ஜேபெக் படத்தை மறுபடி அமுக்காமல் அப்படியே பிடிஎஃபுக்குள் வைத்துவிடுவதால் தெளிவு கெடுவதில்லை, அளவும் ஏறுவதில்லை. 170 கேபியில் முடிந்தது. முத்திரையின் வட்டம் முழுதாகத் தெரிந்தது.

இ-சேவையில் வாங்கிய சான்றிதழுக்கு இந்தப் பாடு எதுவும் வேண்டாம். அது பிடிஎஃபாகவே வருகிறது. அதை அச்சிட்டு மறுபடி படம் எடுப்பவர்களைப் பார்த்தால் மனம் பொறுக்கவில்லை. மின்னணுக் கையொப்பம் இருப்பது அந்த மூலக் கோப்பில்தானே!

செயலிக்கு நான் போட்ட மதிப்பெண் ஐந்துக்கு இரண்டு. அதை மாற்றப்போவதில்லை. ஆனாலும் தங்கைக்கு அதையேதான் சொன்னேன். தாளை அவ்வளவு நேராக வெட்டித் தரும் வேறொன்றை நான் பார்த்ததில்லை. "வண்ணத்திலேயே எடுத்து எனக்கு அனுப்பு, நான் சுருக்கித் தருகிறேன். கறுப்பு வெள்ளையைத் தொடவே தொடாதே" என்றேன்.